அம்மா வரமுன் சிவந்த காடு

அவலோன்
11 மே 2025

அன்புள்ள அண்ணை,

நீங்கள் சுகமாய் இருக்கிறியள் எண்டு அண்ணி சொன்னவ. ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் என்ரை போனை எடுக்கிறேல்லை. எடுத்திருந்தாலும் என்ன கதைச்சிருப்பன் எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்கு உங்கடை செவ்ரான் வீட்டில, சாப்பாட்டு மேசையில, ரோமனைப் பாத்து "என்ரை தங்கச்சி ஏற்கெனவே கலியாணம் முடிச்சவள்" எண்டு பிரெஞ்சில சொன்னியள். அவர் கையில இருந்த கரண்டியை மெல்ல வைச்சுப்போட்டு, இறைச்சிக்கறி நல்லாயிருக்கெண்டு அண்ணிக்குச் சொன்னவர்.

அதுதான் எழுதுறன். போனில எண்டால் எங்கள் ரெண்டு பேருக்கும் கோவம் முந்திக்கொண்டு வரும். எழுதினால் வெட்டித் திருத்தலாம். வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளையள் உடைப்பினம் எண்டு நீங்கள் வேலை செய்யிற லாச்சப்பல் கடை விலாசத்துக்கு அனுப்புறன்.

நானும் ரோமனும் கலியாணத்துக்கு நாள் வைச்சிட்டம். ஒக்டோபர் 25, சனிக்கிழமை. காலமை இஞ்சை நகரசபையில கையெழுத்து. பின்னேரம் காட்டுக்குள்ள, வெட்டவெளியில, ஒரு சின்ன வைபவம். ஏன் அந்த நாள் எண்டு கேப்பியள். ரோமன் காட்டிலாகாவில வேலை செய்யிற ஆள். எந்த மரம் எப்ப நிறம் மாறும் எண்டு கனகாலமாய்ப் பாத்துக்கொண்டு வாறவர். முதல்ல காட்டுச் செரி சிவக்குமாம். பிறகு மேப்பிள் மஞ்சளாய் வரும். பீச் மரங்கள் செம்புக் குடம்மாதிரி மினுங்கும். ஓக் கடைசிக்குத்தான் மாறும். இதெல்லாம் ஒண்டாய்ச் சேர்ந்து நிக்கிறது ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். ஒரு பெருங்காத்து அடிச்சால் அதுவும் இல்லை. அவர் தன்ரை கணக்குப்படி ஒக்டோபர் கடைசியைச் சொல்லுறார்.

விவாகரத்து எடுத்தவளுக்குக் கத்தோலிக்கக் கோயிலில செய்ய ஏலாதெண்டு உங்களுக்குத் தெரியும். மண்டபம் எனக்கு வேண்டாம். அந்தக் காடுதான் அவர் எனக்குக் காட்டின முதல் இடம். முதியோர் இல்ல வேலையை முடிச்சு நான் களைச்சு வாற நாளில கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்துக்குக் கீழ இருத்துவார். கதைக்கவும் மாட்டார்.

உங்களிட்டை ரெண்டு விசயம் கேக்கிறன். நீங்கள் வரவேணும். மற்றது, அம்மாவைப் பேசாலையில இருந்து கூப்பிடவேணும். அதுக்கு, வாறவை தங்க இடமிருக்கெண்டு நகரசபை ஒரு பத்திரம் தரவேணும். எங்கடை வீடு ரோமன்ரை வேலையிடம் குடுத்த ஒற்றை அறை. இடம் காணாதெண்டு மறுத்துப்போட்டினம். உங்கடை வீட்டுக்கு உடன தருவினம். நீங்கள் எடுத்து அனுப்பினால்தான் அவ விசாவுக்குப் போடலாம்.

அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன். பூவே இல்லாமல் காடு எப்பிடியடி சிவக்கும் எண்டு கேட்டுச் சிரிச்சவ.

உங்கள் தங்கச்சி,
அஜந்தா


லாச்சப்பல்
2 யூன் 2025

தங்கச்சிக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சு மூண்டு கிழமையாச்சு. கடையின்ரை பின்பக்கத்தில, மணவறைத் தூணுகளுக்கு நடுவில இருந்து இதை எழுதுறன். இது கலியாணச் சீசன். லா கூர்நெவ், திரான்சி, பிளாங்-மெனில் எண்டு ஒவ்வொரு சனியும் ஒவ்வொரு மண்டபம். ஏணியில ஏறி ஏறி முழங்கால் போட்டுது.

நான் வேதக்காரன், கத்தோலிக்கன். ஆனால் இஞ்சை எத்தினை சைவக் கலியாணத்துக்கு மணவறை கட்டியிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியும். எங்கடை ஆக்களின்ரை கலியாணத்துக்குக் கோயில் வாசலும் சோடிச்சிருக்கிறன். ஊராற்றை பிள்ளையளுக்கெல்லாம் என்ரை கையால செய்யிறன், என்ரை தங்கச்சிக்கு ஒருநாள் செய்யாமலோ போவன் எண்டு நினைச்சனான். நீ சோடினை வேண்டாம், மரம் இருக்கு எண்டுறாய்.

ஒரு விசயம் கேக்கிறன். ஐப்பசியில ஆர் வெளியில கலியாணம் வைப்பினம்? மழை பெய்தால் என்ன செய்வாய்? குளிருக்கை அம்மாவை எங்கை இருத்துவாய்? நீ வடிவெண்டு சொல்லுறது, கொட்டப்போற இலை. கலியாணத்துக்கு ஆரும் தளிர்க்கிற மரத்தைப் பாப்பினம். நீ காயிற மரத்தைப் பாத்து நாள் வைச்சிருக்கிறாய். அது முடிய நவம்பர், செத்த ஆத்துமாக்களின்ரை மாதம்.

இது மரத்தைப் பற்றின சண்டை இல்லை எண்டு எனக்கும் விளங்கும். உனக்குக் கோயிலில நடக்கவேணும் எண்டுதான் என்ரை ஆசை. நான் இஞ்சை எங்கடை சுவாமியாரிட்டைக் கதைச்சன். நீ திருச்சபை நீதிமன்றத்துக்கு எழுதிப்போட்டால், அந்தப் பழைய கலியாணம் செல்லாதெண்டு சொல்ல வழியிருக்கெண்டு சொன்னவர். சாட்சி வேணும். நான் வந்து சொல்லுறன். காலம் எடுக்கும். எடுத்தால் என்ன? இவ்வளவு காலம் இருந்தனி. அடுத்த வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ, வைகாசியில, பூக்கிற நேரத்தில, வேணுமெண்டால் அந்த மரங்களுக்குக் கீழயே சாப்பாட்டை வை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.

அம்மாவின்ரை பத்திர அலுவலை நான் பாக்கிறன். நீ அதை யோசிக்காதை.

அண்ணன்,
கிரிகோரி


அவலோன்
20 யூன் 2025

அன்புள்ள அண்ணை,

நீங்கள் சாட்சி சொல்லுறன் எண்டு எழுதினதைக் கனதரம் வாசிச்சன். அந்த வசனத்துக்காக உங்களில இருந்த கோவம் பாதி போட்டுது.

ஆனால் என்னால ஏலாது. அந்தாள் எனக்குச் செய்ததை நான் பொலிசுக்குச் சொன்னன், டொக்டருக்குச் சொன்னன், விவாகரத்து நீதிமன்றத்தில மொழிபெயர்க்க வந்த ஒரு தமிழ்ப் பெடியனுக்கு முன்னால சொன்னன். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு மொழிபெயர்த்தவன். இனி இன்னொரு மேசைக்கு முன்னால போயிருந்து, கையை எப்பிடி முறிச்சவர், எந்தக் கை எண்டு சொல்ல மாட்டன். அது நீங்கள் பாத்த மாப்பிளை எண்டு நான் ஒருநாளும் உங்களுக்குச் சொல்லிக் காட்டினதில்லை. இப்பவும் சொல்லேல்லை. நீங்கள் அந்தக் கலியாணத்தை அழிச்சு எழுதப் பாக்கிறியள் எண்டு எனக்கு விளங்குது. எனக்கு அது அழியவேண்டாம். முடிஞ்சால் காணும்.

அந்தக் கலியாணத்தில அம்மா இல்லை. 2008. ஊரில சண்டை, மன்னாரால வெளியில வரப் பாதையில்லை. கலியாண டிவிடி அனுப்பினம். அது போய்ச் சேர ஒரு வருசம். அம்மா அதை இன்னும் வைச்சிருக்கிறா எண்டு போன கிழமைதான் சொன்னவ. நான் விட்டிட்டு வந்த ஆளோட நான் நிக்கிற படம் அது. அவவிட்டை என்ரை கலியாணம் எண்டு வேறை ஒண்டும் இல்லை. இந்தமுறை அவ நேர வந்து முன் கதிரையில இருக்கவேணும். இதுக்குமேல எனக்கொரு ஆசையும் இல்லை.

இனி உங்கடை கேள்விகளுக்கு வாறன். மழை பெய்தால் பக்கத்தில ஒரு பழைய வைக்கோல் கொட்டில் இருக்கு. ரோமன்ரை கூட்டாளியள் அதைக் கூட்டித் துடைச்சு வைக்கினம். அம்மாவுக்குக் கம்பளியும், காலுக்குக் கீழ சுடுதண்ணிப் பையும். வைபவம் மூண்டு மணிக்கு. அதுக்குப் பிந்தினால் வெய்யில் மலைக்குப் பின்னால போடும், நிறமெல்லாம் மங்கிப் போகும். இடத்துக்குத்தான் இன்னும் இழுபறி. அவருக்குப் பீச் மரச் சரிவு விருப்பம். எனக்குக் குளக்கரை மேப்பிள்கள், தண்ணிக்குள்ளயும் தெரியும் எண்டபடியால். அம்மா சரிவில நடக்க மாட்டா எண்டு சொன்னன். அதோட குளக்கரை எண்டு முடிவாச்சு.

சீலையும் யோசிச்சாச்சு. சிவப்புக் கூறை கட்டினால் சிவப்பு மரத்துக்கு முன்னால நான் காணாமல் போடுவன். அம்மா மயில்நீலம் எண்டுறா. லாச்சப்பலில எந்தக் கடையில நல்லது எண்டு அண்ணி பாத்துச் சொல்லட்டும்.

கொழும்பில விசாவுக்கு நாள் எடுக்கிறதே பெரும்பாடாம். யூலைக்குள்ள பத்திரத்தை அனுப்பிவிடுங்கோ அண்ணை. சோடினையைப் பற்றி நான் எழுதினது உங்களை நோகச் செய்திருந்தால் மன்னியுங்கோ. உங்கடை கைவேலை வேண்டாம் எண்டு நான் நினைக்கேல்லை.

அஜந்தா


லாச்சப்பல்
28 யூலை 2025

தங்கச்சிக்கு,

நேரமில்லை, சுருக்கமாய் எழுதுறன். செவ்ரான் மெரியில, நகரசபைக் கந்தோரில, நாள் எடுக்கிறது லேசில்லை. இனி ஓகஸ்ட், பாதிப்பேர் லீவில போடுவினம். செப்டெம்பரில பாப்பம்.

நான் உன்னட்டை ஒண்டு கேக்கிறன், கோவிக்காமல் யோசி. அம்மாவுக்கு அந்த நாளுக்கு வர ஏலாமல் போனால் நாளைத் தள்ளிவைப்பாயோ? அம்மா வாறதுதான் உன்ரை ஒரே ஆசை எண்டு எழுதியிருக்கிறாய். அப்ப நாள் என்ன பெரிய நாள்?

அண்ணி சீலை பாத்து வைச்சிருக்கிறா.

கிரிகோரி


அவலோன்
31 ஓகஸ்ட் 2025

அண்ணை,

நான் நேற்று முந்தநாள் செவ்ரான் நகரசபைக்குப் போன் பண்ணினன். நாள் இருக்காம். யூலையிலயும் இருந்ததாம். தொலைபேசியில கதைச்ச பிள்ளை மரியாதையாய்ச் சொன்னது. நான் நன்றி சொல்லி வைச்சுப்போட்டு, வேலையிடத்துக் குளியலறைக்குள்ள போய் நிண்டன்.

ஏன் அண்ணை? போக விருப்பமில்லை எண்டால் மே மாதமே சொல்லியிருக்கலாம். அண்ணியின்ரை தம்பியின்ரை வீட்டு விலாசத்தில எடுத்திருப்பன். நீங்கள் "யோசிக்காதை" எண்டு எழுதினீங்கள். நான் யோசிக்காமல் இருந்தன். அதுதான் நான் விட்ட பிழை.

இஞ்சை கோடை காய்ஞ்சு போச்சு. ஓகஸ்டிலயே செரி மரங்களில ரெண்டொரு இலை சிவந்திட்டுது. தண்ணியில்லாமல் வாடிச் சிவக்கிறது வேறை, குளிருக்குச் சிவக்கிறது வேறையாம். ஒரு கிழமை முந்தி வைப்பமோ எண்டு ரோமன் கேட்டவர். அம்மாவுக்குக் காணாது எண்டு நான் மறிச்சுப்போட்டன். அவர் ஒவ்வொரு பின்னேரமும் குளக்கரைக்குப் போய்ப் பாத்திட்டு வாறார். இலையைப் பாக்கப் போற மனிசனுக்குக் கடிதப்பெட்டியைப் பாக்கிற மனிசி. எங்கடை வீடு இப்பிடித்தான் இருக்குது.

தயவுசெய்து போங்கோ.

அஜந்தா


லாச்சப்பல்
19 செப்டெம்பர் 2025

அஜந்தா,

பத்திரம் எடுத்தாச்சு. செவ்வாய்க்கிழமை கொழும்புக்குக் கூரியரில அனுப்பினன். அம்மாவை வான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக மச்சானின்ரை பெடியனுக்கும் சொல்லியாச்சு. இனி அவையின்ரை கையில.

நீ எழுதினதுக்கு நான் மறுமொழி எழுதேல்லை. எழுதினால் சண்டைதான் வரும். ஒண்டு மட்டும் சொல்லுறன். நாளைத் தள்ளிவை. இலை அடுத்த வருசமும் சிவக்கும். அந்த மரங்கள் எங்கையும் போகாது. எழுபத்தாறு வயசு மனிசியை அந்தரப்படுத்தாதை.

கிரிகோரி


அவலோன்
12 ஒக்டோபர் 2025

அண்ணை,

அம்மாவுக்கு ஒன்பதாம் திகதிதான் கொழும்பில நேர்முகம் கிடைச்சது. போய்க் குடுத்திட்டு வந்திட்டா. வானில வாந்தி எடுத்தவவாம். முடிவு வர மூண்டு கிழமையும் ஆகலாம், கூடவும் ஆகலாம் எண்டு சொல்லியிருக்கினம். 25க்கு வராது.

ரோமன் நவம்பர் எட்டுக்குத் தள்ளுவமோ எண்டு கேட்டவர். அவர்தான் கேட்டவர், நான் இல்லை. இலை இல்லாட்டிப் பரவாயில்லை எண்டும் சொன்னவர். நான் மாட்டன் எண்டிட்டன். அவற்றை தாய் தகப்பன் அல்சாசில இருந்து வர டிக்கெட் எடுத்தாச்சு, கொட்டில் பிடிச்சாச்சு எண்டு காரணம் சொன்னன். உண்மையான காரணம் அது இல்லை. நீங்கள் தள்ளு தள்ளு எண்டு எழுதினியள். தள்ளினால் நீங்கள் வெண்டது மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன்.

காடு நிறத்தில பத்திக்கொண்டு நிக்குது. எழுதினால் நம்பமாட்டியள்.

பெர்சி ஸ்டேசனில காலமை ரயில் எடுத்தால் மத்தியானத்துக்கு முன்னம் அவலோன் வரலாம். ரோமன் ஸ்டேசனுக்குக் கார் கொண்டு வருவார். அம்மாவுக்கும் உங்களுக்கும் எண்டு முன்வரிசையில ரெண்டு கதிரை வைச்சிருக்கிறம். அம்மாவின்ரையை எடுக்க மனம் வரேல்லை. உங்கடையை எடுக்கிறதும் விடுறதும் உங்கடை கையில.

அஜந்தா


அவலோன்
3 நவம்பர் 2025

அண்ணை,

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்து இதை எழுதுறன். நீங்கள் கேக்கேல்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்லாட்டி அந்த நாள் முடிஞ்ச மாதிரி எனக்கு இல்லை.

மழை பெய்யேல்லை. விடியப்புறம் புகார் மூடி, குளம் தெரியாமல் கிடந்தது. மத்தியானம் அது கலைய, ரோமன் சொன்னது சொன்ன மாதிரியே நிண்டது. செரி, மேப்பிள், பீச் எல்லாம் ஒரே நேரத்தில. தண்ணிக்குள்ள இன்னொரு காடு. ரோமன்ரை தாய், இந்த நாட்டிலயே பிறந்து வளந்தவ, வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா. இந்த அரை வருசமாய் நாங்கள் பாத்துப் பாத்து வைச்ச நாள் பிழைக்கேல்லை. அம்மா காணாமல் நான் மட்டும் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். அந்த மரங்கள் கொஞ்சம் வடிவு குறைஞ்சு நிண்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அண்ணி தனிய வந்தவ, தெரியும்தானே. ஸ்டேசனில ரயில் கதவு திறக்க, ஒரு கையில பலகாரப் பெட்டி, மற்றக் கையில மயில்நீலச் சீலை. பின்னால நீங்கள் இறங்குவியள் எண்டு நான் கதவு பூட்டும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுப்போட்டு, "அவர் திரான்சியில மணவறை கட்டப் போட்டார் பிள்ளை" எண்டா. சீலை கட்டிவிட்டது அவதான். கட்டிக்கொண்டு இருக்கேக்கை, என்ரை முகத்தைப் பாக்காமல், கொசுவத்தை மடிச்சபடி சொன்னா. யூலையிலயே மெரியில நாள் கிடைச்சதாம். போட்டு வாறன் எண்டு பத்திரங்களோட வெளிக்கிட்டனீங்களாம். பின்னேரம் அதே பத்திரங்களோட திரும்பி வந்தனீங்களாம். தனக்கு அப்பவே தெரியும், எனக்குச் சொல்லேல்லை, மன்னிச்சுக்கொள் எண்டு அழுதவ. ஊசி குத்துப்படப்போகுது அண்ணி எண்டு சொன்னன். வேறை என்ன சொல்லுறது?

அம்மாவுக்குப் போனில காட்டலாம் எண்டு ரோமன்ரை தங்கச்சி ஆயத்தமாய் நிண்டவள். காட்டுக்குள்ள நெட்வேர்க் இல்லை எண்டு நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லை. இலையை யோசிச்சம், வெய்யிலை யோசிச்சம், அதை யோசிக்கேல்லை. அவள் மேட்டில ஏறி ஏறிப் பிடிச்சுப் பாத்தவள். மோதிரம் மாத்தேக்கை அம்மாவின்ரை பக்கம் படம் இறுகிப்போச்சு. அவவுக்குத் தெரிஞ்சது ஒரு மரக்கிளையும் என்ரை தோள்மூட்டும். பிறகு குரல் மட்டும் கேட்டதாம். பின்னேரம் கதைக்கேக்கை, "வடிவாய்த்தான் இருந்தது, ஒரே மஞ்சளாய்" எண்டு சொன்னா. நான் நீலம் கட்டினதை அவ காணேல்லை. கேட்டும் அறியேல்லை. நானும் சொல்லேல்லை.

ரெண்டு கதிரையும் அப்பிடியே இருந்தது. அண்ணியை இருங்கோ எண்டு கேட்டம். அவ பின்னுக்குப் போய் நிண்டா. நான் வாக்குச் சொல்லேக்கை ரோமனைப் பாக்கவேணும். பாத்தன். ஆனால் என்ரை கண் றோட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது. அவர் கண்டவர்.

வியாழக்கிழமை பெருங்காத்து அடிச்சது. வெள்ளி விடியக் குளக்கரையில ஒண்டும் இல்லை. எல்லாம் நிலத்தில.

உங்களில கோவம் எண்டு எழுதத்தான் தொடங்கினன். எழுதிக்கொண்டு போக, என்ரை பங்கும் தெரியுது. நீங்கள் அம்மாவை வைச்சு என்னை மடக்கப் பாத்தியள். நான் மடங்கமாட்டன் எண்டு காட்டுறதுக்கு அம்மாவை விட்டன். நவம்பர் எட்டெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காணும். மொட்டை மரத்துக்குக் கீழ நிண்டிருப்பன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்துக்கு மறுமொழி வேண்டாம்.

அஜந்தா


லாச்சப்பல்
7 டிசெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

மறுமொழி வேண்டாம் எண்டனி. அம்மா எழுதச் சொன்னபடியால் எழுதுறன்.

அவவுக்கு விசா வந்தது, அவ வந்தது எல்லாம் உனக்குத் தெரியும்; நான் இருக்கிற வீடெண்டு நீ வராட்டியும் அண்ணியின்ரை போனில நாள் தவறாமல் கதைக்கிறியள். நான் அறைக்குள்ள வந்தால் குரலைக் குறைக்கிறா. அவ எப்பிடி இருக்கிறா எண்டு உனக்குச் சொல்லமாட்டா. அதால நான் சொல்லுறன். சாப்பிடுறா. செபம் சொல்லுறா. பிள்ளையள் பிரெஞ்சில கேக்கிறதுக்குத் தமிழில மறுமொழி சொல்லுறா, என்னவோ ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொள்ளுகினம். என்னோட மட்டும் ஓம், இல்லை. அவ்வளவுதான்.

என்ன நடந்தது எண்டு எழுதுறன். வந்து ரெண்டாவது ஞாயிறு, பூசை முடிய லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தன். சனத்தையும் கடையளையும் காட்டினால் சந்தோசப்படுவா எண்டு நினைச்சன். எங்கடை கடையில ஒரு மணவறை முழுசாய்க் கட்டி நிண்டது. இலையுதிர் காலம் எண்டு முதலாளி சிவப்பும் மஞ்சளுமாய்ப் பிளாஸ்ரிக் இலைச் சரம் எடுப்பிச்சவர். இந்த வருசம் இளம்பெடியளுக்கு அதுதான் விருப்பம். அம்மா அதில ஒண்டைப் பிடிச்சுப் பாத்தா. "அவளின்ரை கலியாணத்தில இப்பிடியோ இருந்தது?" எண்டு கேட்டா. எனக்குத் தெரியாது எண்டன். நீ போகேல்லையோ எண்டா. அவவுக்கு அது தெரியாது. ஆரும் சொல்லேல்லை. நீயும் சொல்லேல்லை.

நான் கதிரை இழுத்து அவவை இருத்திப்போட்டு எல்லாம் சொன்னன். யூலையில மெரி வாசல்வரைக்கும் போனதையும் சொன்னன். கையில எல்லாப் பத்திரமும் இருந்தது. என்ரை நம்பரும் கூப்பிட்டினம். அப்பதான் அந்த எண்ணம் வந்தது: இதைக் குடுக்காட்டி அம்மா வரமாட்டா, அம்மா வராட்டி நீ தள்ளுவாய், தள்ளினால் கோயிலில நடக்க ஒரு வழி வரும். உனக்கு நல்லது செய்யிறன் எண்டுதான் அண்டைக்கு நினைச்சன், தங்கச்சி. திரும்பி ரயில் ஏறி வேலைக்கு வந்திட்டன். செப்டெம்பரில பயம் பிடிச்சுது. ஓடிப்போய் எடுத்தன். பிந்திப் போச்சு.

கலியாணத்துக்கு ஏன் வரேல்லை எண்டு கேட்டால், அந்த வெறுங்கதிரைக்குப் பக்கத்தில இருக்க எனக்கு முகமில்லை. திரான்சியில அண்டைக்கு எனக்கு வேலை இருக்கேல்லை. அண்ணிக்குப் பொய் சொன்னன். லாச்சப்பல் ஸ்டேசனுக்குக் கீழ, மேலால மெற்றோ போய்க்கொண்டிருக்க, பின்னேரம் முழுக்க நிண்டன்.

அம்மா கேட்டுக்கொண்டு இருந்தா. கத்தேல்லை. கடைசியாய் இவ்வளவுதான் சொன்னா: "அவளின்ரை முதல் கலியாணம் நான் பாக்கேல்லை. அப்ப சண்டை, பாதை இல்லை எண்டாங்கள். பொறுத்துக்கொண்டன். இந்தமுறை பாதையை மறிச்சது நீயோ."

அதுக்குப் பிறகு என்னோட கதை இல்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டில, அண்ணியைப் பாத்து, அந்தக் காட்டை ஒருக்காப் பாக்கவேணும் எண்டா. இப்ப போய் என்னத்தைப் பாக்கிறது, இலை எல்லாம் கொட்டிப்போச்சு எண்டு நான் வாய்விட்டிட்டன். அவ என்னைப் பாக்காமல், "மரம் நிக்குந்தானே" எண்டா.

யனவரி நடுவில அவ திரும்பவேணும். இன்னொருக்கா வருவா எண்டு நான் நினைக்கேல்லை, அவவும் நினைக்கேல்லை. வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேக்கத்தான் இந்தக் கடிதம். உனக்கு விருப்பம் எண்டால் நானும் வாறன். ரோமனிட்டை அண்டைக்கு மேசையில சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கவேணும், அதை அவற்றை முகத்தைப் பாத்துத்தான் கேக்கவேணும். விருப்பமில்லாட்டி எழுது. அவவை ஸ்டேசனில உன்னட்டை விட்டிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்புவன். வருத்தப்படமாட்டன்.

அண்ணன்,
கிரிகோரி


அவலோன்
10 டிசெம்பர் 2025

அண்ணை,

உங்கடை கடிதத்தை ரோமனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னன். மெரி வாசலில நீங்கள் நிண்ட இடம் வர என்னை நிப்பாட்டிப்போட்டு, திரும்ப ஒருக்காச் சொல்லச் சொல்லிக் கேட்டவர். பிறகு, ஞாயிறு எத்தினை மணி ரயில் எண்டு கேட்டவர்.

என்னால அவரைப்போல ஏலாது. நீங்கள் நல்லதுக்கெண்டு நினைச்சதை நான் நம்புறன். எண்டாலும் அம்மா ஒரே மஞ்சளாய் இருந்தது எண்டு சொன்ன குரல் என்ரை காதை விட்டுப் போகேல்லை. உங்களைக் கண்டால் கட்டிப்பிடிப்பனோ, கத்துவனோ எண்டு எனக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறன்.

அம்மாவை ஸ்டேசனில விட்டிட்டுத் திரும்ப வேண்டாம். ரெண்டு பேரும் வாங்கோ. குளக்கரைக்கு அவவைப் பிடிச்சு நடத்த ஒரு பக்கம் நான், மற்றப் பக்கத்துக்கு ஒரு ஆள் வேணும். நிலம் உறைஞ்சு வழுக்குது, அவவுக்கு மொத்தச் சொக்ஸும் அடி பிடிக்கிற சப்பாத்தும் வாங்கிக்கொண்டு வாங்கோ.

அஜந்தா